காரணம் சொல்லாமல் மறுக்கும் எஸ்எஸ்டி அழிப்பு மென்பொருள்

பழைய மடிக்கணினியைப் பிறருக்குக் கொடுக்கும் முன் அதிலுள்ள எஸ்எஸ்டியை, அதாவது சாட்டா என்ற இணைப்பு வகையைச் சேர்ந்த சேமிப்பகத்தை, முழுமையாக அழிப்பதற்கு, அதன் தயாரிப்பாளர் இலவசமாகத் தரும் மென்பொருளைப் பயன்படுத்தினேன். எஸ்எஸ்டியின் நிலையைக் காட்டுவதிலும் அதற்குள்ளேயே இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதிலும் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எஸ்எஸ்டியே தன் தரவு முழுவதையும் அழிக்கச் செய்யும் செக்யூர் எரேஸ் கட்டளை என்று வரும்போது, இப்போது இயலாது என்ற ஒற்றை வரியோடு அது நின்றுவிடுகிறது. தரவு வெளியே போய்விடுமோ என்று கவலைப்படுகிறவருக்கு இந்த மௌனம் பெரிய குறை.

இத்தனைக்கும் காரணம் பெரும்பாலும் எளியது. தீய நிரல் எதுவும் எஸ்எஸ்டியைப் பூட்டிவிடவோ அழித்துவிடவோ கூடாது என்பதற்காக, கணினி தொடங்கும்போதே, அதைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸ், செக்யூர் எரேஸ் உள்ளிட்ட எஸ்எஸ்டியின் பாதுகாப்புக் கட்டளைகளை உறையவைத்துவிடுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில், சேமிப்பகங்களுக்குக் கட்டளையிடும் எச்டிபார்ம் கருவியைக் கேட்டால், ‘ஃப்ரோசன்’ (உறைந்த நிலை) என்று வெளிப்படையாகவே காட்டும். கணினியை ஸ்லீப் நிலைக்கு அனுப்பி எழுப்பினாலே பல கணினிகளில் அந்த உறைநிலை விலகிவிடுகிறது. என் கணினியிலும் அவ்வாறே விலகியது. யூஎஸ்பி அடாப்டர் வழியாக இணைத்தால் கட்டளை எஸ்எஸ்டியைச் சென்றடையாமலே போகக்கூடும் என்பதால், நேரடியாக சாட்டா போர்ட்டில் இணைப்பதே நல்லது. எச்டிபார்ம் மூலம் அழிப்பதானால், முதலில் எஸ்எஸ்டிக்கு ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லை இட வேண்டும். அழிப்பு முடிந்ததும் அது தானாக நீங்கிவிடும் என்றாலும், இடையில் மின்சாரம் நின்றால் எஸ்எஸ்டி பூட்டிய நிலையிலேயே இருந்துவிடலாம் என்பதால், அந்தச் சொல்லைக் கட்டாயம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். என்விஎம்இ என்ற வேறு இணைப்பு வகை எஸ்எஸ்டிகளுக்கு ஃபார்மட், சானிடைஸ் என்று வேறு கட்டளைகள் உள்ளன. சானிடைஸ் தொடங்கிவிட்டால், மின்சாரம் போய்த் திரும்பினாலும் எஸ்எஸ்டி தானே அந்த வேலையைத் தொடரும்.

உறைநிலை விலகிய பிறகு தயாரிப்பாளரின் மென்பொருளும் வேலையை முடித்துவிட்டது. ஆயினும் ‘வெற்றி’ என்று அறிவிப்பதோடு சரி, எதையும் படித்துப் பார்த்து உறுதிசெய்வதில்லை. சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அழித்துவிட்டதாக அறிவித்த ஒரு எஸ்எஸ்டியில் தரவு முழுவதும் அப்படியே இருந்தது. கோப்புகளின் மேல் வேறு தரவை எழுதுவதும் மாற்றாகாது. இயங்குதளத்தின் கண்ணுக்குத் தெரியாத உபரி இடத்தில் பழைய பிரதிகள் தங்கிவிடக்கூடும். எனவே அழித்த பின் எச்டிபார்ம் போன்ற கருவி இருக்கும் லினக்ஸிலிருந்தே சில பகுதிகளைப் படித்துப் பார்ப்பதை நான் வலியுறுத்துவேன், அது முழு நிரூபணம் ஆகாவிட்டாலும்.

ஃபர்ம்வேர் புதுப்பிப்புக்கு இந்த மென்பொருளைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அழிப்புக்கு, அடுத்த பதிப்பில் உறைநிலையைப் பெயர் சொல்லிக் காட்டி, ஸ்லீப் வழியையும் அதே திரையில் விளக்கும்வரை, லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவையே நம்புவேன்.