டிஸ்க் திணறும்போது எதை மாற்றுவது: இண்டெக்ஸா, ரேமா, கமிட்டா, டிஸ்க்கையேவா?

டேட்டாபேஸ் சர்வரில் சிபியூ பாதிகூட ஓடவில்லை, ஆனால் லோடு ஆவரேஜ், அதாவது ஓடும், காத்து நிற்கும் புராசஸ்களின் சராசரி எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போகிறது. லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்து நிற்கும் புராசஸ்களும் லோடு கணக்கில் சேரும். அதனால் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் டிஸ்க் மேல்தான். உடனே வேகமான டிஸ்க் வாங்கலாம் என்பார்கள். என் வரிசையில் அது கடைசி.

எதையும் தொடுவதற்கு முன்னால், காத்திருப்பு படிப்பதிலா எழுதுவதிலா என்று தெரிய வேண்டும். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையை எக்ஸ் ஆப்ஷனுடன் ஓட்டி, ரீட் அவெய்ட், ரைட் அவெய்ட் (படிக்கவும் எழுதவும் ஆகும் சராசரி நேரம்) இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அதிலேயே யூட்டில் என்ற எண் 100 சதவீதம் என்று காட்டினால் பதற வேண்டாம். டிஸ்க்கிடம் ஒரு வேலையாவது கையில் இருந்த நேரத்தைத்தான் அந்த எண் சொல்கிறது. பல வேலைகளை ஒரே சமயத்தில் செய்யும் எஸ்எஸ்டி, 100 காட்டும்போதும் இன்னும் தாங்கலாம்.

படிப்பதில்தான் தாமதம் என்றால் போட்டி இண்டெக்ஸுக்கும் (வேண்டிய வரிசை எங்கே என்று காட்டும் அட்டவணை) ரேமுக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸை பஃபர்ஸ் ஆப்ஷனோடு ஓட்டினால், எத்தனை பக்கங்கள் நினைவகத்தில் கிடைத்தன, எத்தனையை வெளியிலிருந்து எடுக்க வேண்டி வந்தது என்று தெரியும். பக்கம் ஒன்று 8 கேபி. இருபது வரிசை பதிலுக்கு லட்சம் பக்கங்களைப் படித்தால், அது 800 எம்பி வேலை. இங்கே ரேம் சேர்ப்பது வீண்செலவு, சரியான இண்டெக்ஸ் ஒன்று போதும். ஆனால் இண்டெக்ஸ் கூடக்கூட எழுதும் வேலையும் கூடும், கண்டபடி சேர்க்கக் கூடாது.

குவெரிகள் ஒழுங்காக இருந்தும் அடிக்கடி தேவைப்படும் டேட்டா நினைவகத்தில் அடங்கவில்லை என்றால் ரேம்தான் வெல்லும். வாங்கும் முன் இருக்கும் ரேமை டேட்டாபேஸ் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். டேட்டாவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடங்களான போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்ஸ், மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் பஃபர் பூல் இரண்டுக்கும் இயல்பு அளவு வெறும் 128 எம்பி. டேட்டாபேஸுக்கு மட்டுமான சர்வரில் முன்னதற்கு மொத்த ரேமில் 25 சதவீதம், பின்னதற்கு 80 சதவீதம் வரை தருவது வழக்கம்.

எழுதுவதில் தாமதம் என்றால் கதை வேறு. ஒவ்வொரு கமிட்டும் (மாற்றத்தை உறுதிசெய்வது), மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் டிஸ்க்கில் பதியும்வரை காத்திருக்கும், அதற்கு ரேம் உதவாது. இங்கே எல்லோரும் மறக்கும் விஷயம் செக்பாயிண்ட், அதாவது நினைவகத்தில் மாறிய பக்கங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் கட்டம். போஸ்ட்கிரெஸில் செக்பாயிண்ட்டுக்குப் பிறகு ஒரு பக்கம் முதல்முறை மாறும்போது முழுப் பக்கமும் லாக்கில் எழுதப்படும். செக்பாயிண்ட் அடிக்கடி வந்தால் லாக் பெருகும், பெருகிய லாக் அடுத்த செக்பாயிண்ட்டை இன்னும் சீக்கிரம் இழுத்து வரும். லாக் எவ்வளவு வளர்ந்தால் செக்பாயிண்ட் வரும் என்பதைத் தீர்மானிக்கும் மேக்ஸ் வால் சைஸின் இயல்பு மதிப்பு 1 ஜிபி. எழுத்து அதிகமுள்ள சர்வருக்கு அது போதாது, தாராளமாகக் கூட்டுங்கள். கிராஷுக்குப் பின் எழுந்து வர நேரம் கூடலாம், அது ஏற்கத்தக்க விலை.

கமிட்டைத் தளர்த்துவது இன்னும் வேகம் தரும், ஆனால் டேட்டாவைப் பணயம் வைக்கிறோம். லாக்கை எப்போது டிஸ்க்கில் பதிப்பது என்று சொல்லும் இன்னோடிபியின் ஃப்ளஷ் லாக் அமைப்பை 1-இலிருந்து 2-க்கு மாற்றினால், மின்சாரம் போகும்போது ஏறக்குறைய கடைசி ஒரு விநாடியின் கமிட்டுகள் தொலையலாம். போஸ்ட்கிரெஸில் கமிட்டைக் காத்திருக்க வைக்கும் சிங்க்ரனஸ் கமிட் அமைப்பை அணைத்தாலும் கடைசிச் சில கமிட்டுகள் போகலாம், டேட்டாபேஸ் சிதையாது. அதை ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்கு மட்டும்கூட அணைக்கலாம் என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு போஸ்ட்கிரெஸ் வழியே பிடிக்கும்: பக்கம் எத்தனை முறை பார்க்கப்பட்டது போன்ற பதிவுகளுக்கு அணையுங்கள், பணம் சம்பந்தப்பட்டதற்கு வேண்டவே வேண்டாம். எழுதியதை டிஸ்க்கில் உண்மையிலேயே பதிய வைக்கும் எஃப்சிங்க்கை அணைப்பதைப் பேச்சுக்குக்கூட எடுக்காதீர்கள், டேட்டாபேஸே கெட்டுப்போகலாம்.

இவை எல்லாம் முடிந்தும் திணறினால் சரி, டிஸ்க். 7200 ஆர்பிஎம் சுழல் டிஸ்க்கில் சராசரியாக அரைச் சுற்றுக்கே 4 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும், வேகமான எஸ்எஸ்டி வகையான என்விஎம்இ ஒரு மில்லிவிநாடியில் சிறு பங்கிலேயே பதில் தரும். ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்தால் இவ்வளவு வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டிகள் பலவற்றில் மின்தடைப் பாதுகாப்பு இருக்காது, எஃப்சிங்க் வரும்போது அவை தடுமாறும். விளம்பரத்தில் போட்ட வேகத்தை நம்பாமல், எஃப்சிங்க் வேகத்தை அளக்க போஸ்ட்கிரெஸுடன் வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் கருவியைப் பழைய டிஸ்க்கிலும் புதியதிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.