டாபாகிளிஃப்ளோசின் 10: பரந்தன் வயல்காரனின் அனுபவம்

சலரோகத்துக்கு மெட்போமினும் கிளிக்ளசைட்டும் கிளினிக்கில் சும்மா தருவார்கள். கன காலமாக அதோடுதான் ஓடியது. ஆனாலும் மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் HbA1c சோதனை 8.6 ஐ விட்டு இறங்கவில்லை. டொக்டர் சிறுநீரகச் சோதனையைப் பார்த்துவிட்டு இந்தக் குளிசையைத் துண்டில் எழுதி, வெளியில் வாங்கச் சொன்னார். கிளிக்ளசைட்டைப் பாதியாக்கினார். இப்போது 7.5. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

கிளிக்ளசைட் கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு பிந்தினால் சீனி விழுந்துவிடும். மத்தியானம் வரம்பில் நிற்கும்போது கை நடுங்கி, குளிர் வேர்வை கொட்டும். சாரத்து மடியில் டொபி வைத்துக்கொண்டுதான் வயலுக்குப் போவேன். புதுக் குளிசை கணையத்தைத் தொடுவதில்லை. சிறுநீரகம் வடிகட்டும் சீனியில் ஒரு பங்கைத் திரும்ப இரத்தத்துக்குள் விடாமல் சலத்தோடு கழித்துவிடுகிறது. டொபி இன்னும் மடியில் இருக்கிறது, ஆனால் பேரனுக்குத்தான் போகிறது.

சலம் சோதித்த பிள்ளை, “ஐயா, குளிசை ஒழுங்காப் போடுறேல்லையோ?” என்று கேட்டது. இதைப் போடும் வரைக்கும் சலத்தில் சீனி காட்டத்தான் செய்யும். சோதனைக்குக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சிறுநீரகத்தில் வேலை செய்யும் மருந்து என்றதும் மனைவி முகம் சுளித்தா. எங்கள் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் என்றாலே பயம்தானே. உண்மையில் நிலைமை எதிர்மாறு. 2019 இல் வந்த பெரிய ஆய்வில் இதயம் பலவீனமானவர்களுக்கும், 2020 இல் வந்ததில் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தவர்களுக்கும், சலரோகம் இல்லாவிட்டாலும்கூட, இது உதவியிருக்கிறது.

சரி, கரைச்சலுக்கு வருவோம். சலம் அடிக்கடி போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வயலுக்கு இறங்கினால் நாக்கு ஒட்டும், எழும்பினால் தலை சுற்றும். சீனி கலந்த சலம் படுவதால் மறைவிடத்தில் பூஞ்சணம் பிடித்துக் கடிக்கும். பாமசியில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை, ஆம்பிளைகள் வெட்கத்தில் கேட்பதுமில்லை. ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் தப்பலாம். அதைவிட முக்கியம்: காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம் என்று சாப்பிட முடியாமல் கிடந்தால் இதை நிறுத்திவிட்டு உடனே டொக்டரிடம் கேட்க வேண்டும். இரத்தச் சீனி பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகிவிடக்கூடும், அது உயிர்போகிற விசயம்.

கிழமைக்கொருக்காப் போடும் செமாகுளுடைட் ஊசியைப் பற்றி வெளிநாட்டு மருமகன் புளுகிக்கொண்டே இருக்கிறான். நிறை நல்லாகக் குறையுமாம். குறையும்தான், ஆனால் அதன் விலை அவனுடைய சம்பளத்துக்குத்தான் சரி.

நான் ஒரு புள்ளி குறைத்ததும் காசுக்குத்தான். அதோடு ஒவ்வொரு மாதமும் வேறு வேறு கம்பனிப் பெட்டிதான் கிடைக்கிறது. மருந்தின் பெயரும் 10 மில்லிகிராமும் சரியா, திகதி முடியவில்லையா என்று கடையில் வைத்தே பார்த்து வாங்குங்கள்.