ஹசாரோன் க்வாயிஷேன் ஐஸி: கொள்கைக்கும் காதலுக்கும் நடுவே மூவர்

சுதிர் மிஸ்ரா இயக்கி, 2005-இல் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்த இந்தப் படத்தை ஈரோட்டில் நண்பர்கள் நடத்திய திரையிடலில் பார்க்க வாய்த்தது. 1969-இல் தில்லிக் கல்லூரியில் தொடங்கும் கதை, மேற்கு வங்கத்தின் நக்சல்பாரியில் மூண்ட உழவர் எழுச்சியின் தாக்கத்தில் பீகாரின் போஜ்பூருக்கு நகர்ந்து, நெருக்கடிநிலைக் காலத்தில் முற்றுகிறது. புரட்சிக்குக் கிளம்பும் சித்தார்த்தைக் (கே கே மேனன்) கீதா (சித்ராங்கதா சிங்) காதலிக்கிறாள். அதிகாரத் தரகனாக வளரும் விக்ரம் (ஷைனி அஹுஜா) கீதாவைக் காதலிக்கிறான்.

முக்கோணக் காதல் என்றதும் வரும் அலுப்பு இதில் வருவதில்லை. யார் யாரை விரும்புகிறார் என்பதும் யார் எதை நம்புகிறார் என்பதும் ஒரே கேள்வியாக இருப்பதால், அரசியலை எடுத்துவிட்டால் இங்கே காதலும் மிஞ்சாது.

படத்தின் உச்சம் என்று நான் கருதுவது ஒரு கிராமத்துக் காட்சியை. நிலக்கிழாரிடம் நியாயம் கேட்டு ஆவேசமாகத் திரண்டு வந்த ஏழை மக்கள், அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும் கோபத்தை மறந்து மருத்துவரைக் கூப்பிடச் சொல்லிப் பதறுகிறார்கள். நகரத்திலிருந்து வந்த புரட்சியாளனுக்கு அது விளங்கவில்லை. எனக்கு அடுத்த இருக்கையிலிருந்த பெரியவருக்கு விளங்கியது: “எங்கூர்ப் பண்ணாடி சாஞ்சிருந்தாலும் நாங்க இப்படித்தானுங்க ஓடியிருப்போம்.” தலைமுறைகளாகப் பழகிய பணிவை எந்தத் துண்டறிக்கையாலும் ஒரே நாளில் கழற்றிவிட முடியாது என்பதை, வசன விளக்கம் ஏதுமின்றி அந்தச் சில நிமிடங்கள் காட்டிவிடுகின்றன.

குறைகளும் உண்டு. அந்த மக்களில் ஒருவர்கூடத் தனி மனிதராக நம் நினைவில் தங்குவதில்லை. நகரத்து மூவரின் கண்வழியாகவே போஜ்பூரைப் பார்க்கிறோம். பிற்பகுதியில் கதையைத் திருப்பும் சாலை விபத்து, அதுவரை காரண காரியத்தோடு நடந்த படத்தில் வலிந்து நுழைத்ததுபோல் இருக்கிறது. ஆயினும் காவல்துறையின் கொடூரத்தைக் காட்டும் இறுதிக் காட்சிகள், நெருக்கடிநிலை என்றால் 1976 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த தி.மு.க. ஆட்சிக் கலைப்பையும், விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டக் கைதுகளையும் மட்டுமே நினைக்கும் நமக்கு, அதன் வடநாட்டு முகத்தைக் காட்டுகின்றன. யார் கடைசியில் கிராமத்தில் தங்குகிறார் என்பதைச் சொல்லப்போவதில்லை. முற்பாதியை வைத்து நீங்கள் ஊகிக்கும் ஆள் அல்லர்.

வசனங்களில் இந்தியும் ஆங்கிலமும் கலந்தே வருவதாலும், கதையின் பெரும்பங்கு கடிதங்களின் வழியே சொல்லப்படுவதாலும், துணைத்தலைப்புச் சரியாக அமைந்த பிரதியைத் தேடிப் பார்ப்பது நல்லது.