அறக்கட்டளையா, அன்னதானமா, மகமை நோட்டா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், முன்னோரை வணங்கும் படைப்புக்கு ஊர் வந்திருந்த பங்காளிகள், வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) ஜமுக்காளம் விரித்துப் பேசியபோது எழுந்த பேச்சு இது. ஆளுக்கொரு பக்கம் தருமமாகக் கொடுப்பதைக் குடும்பமாகச் சேர்ந்து கொடுப்போம், பிள்ளைகளையும் சேர்ப்போம் என்றார்கள். எப்படி என்பதில்தான் மூன்று கட்சி.

சித்தப்பா சொன்னது அறக்கட்டளை. ஐயா பெயரில் பதிவு, வங்கியில் மூலதனம், வட்டியில் உதவித்தொகை. நமக்குப் பின்னும் நிற்கும் என்பது இதன் பெரிய பலம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பத்திரப் பதிவோடு வேலை முடியாது. பான், வருமான வரித் துறைப் பதிவு, ஆண்டுதோறும் ஆடிட்டர் என்று நீளும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தான் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை, தனி அனுமதி இல்லாமல் வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே இருக்கும் தம்பிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே வீட்டில் இரண்டு சட்டம்!

எனக்கு உறுத்தியது வேறு. அறங்காவலராக 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். “இதில் எனக்கு என்ன வேலை, அப்பச்சி?” என்றாள் மகள். விழாவில் குத்துவிளக்கு ஏற்றுவதைத் தவிர எனக்கும் எதுவும் தோன்றவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைப் பார்த்தே வளர்கிறவள் அவள். கொடை என்பது பெரிய மனிதர் காரியம் என்ற எண்ணம் ஏற்கெனவே இருக்கிறது. பத்திரம் அதற்கு முத்திரையும் குத்திவிடும்.

அன்னதானம் எளிது. பிறந்தநாளன்று முதியோர் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு, பிள்ளை கையில் கரண்டி, எதிரே கைப்பேசி. ஒருமுறை போனோம். ஒரு ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை, மகள் கவனித்தாள். மறுபடி போகவில்லை.

மூன்றாவது யோசனை அப்பத்தாவுடையது. பர்மா, மலேயாவில் நம் நகரத்தார் நடத்திய கடைகளில் வரவில் ஒரு பங்கை மகமை என்று தனிக் கணக்கில் எழுதிக் கோயிலுக்கும் தருமத்துக்கும் கொடுத்தார்களே, அதையே வீட்டுக்குள் செய்யச் சொன்னார். பெரியவர்கள் வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று. பிள்ளைகள், நல்ல நாளில் கையில் கிடைக்கும் பணத்தில் பத்தில் ஒன்று. ஆளுக்கு ஒரு ஓட்டு. ஊர்க் கணக்கில் கல்யாணம் ஆனால்தான் புள்ளி, அதாவது தனிக் கணக்குள்ள உறுப்பு; எங்கள் நோட்டில் பத்து வயதானாலே புள்ளி. நோட்டு பிள்ளைகள் கையில்.

முதல் ஆண்டே வித்தியாசம் தெரிந்தது. அரசுப் பள்ளிக்குப் பெரிய தொலைக்காட்சி வாங்கிக் கொடுக்கலாம் என்றோம் நாங்கள். பிள்ளைகள் நேரே போய்த் தலைமையாசிரியையிடமே கேட்டார்கள். பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும், தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்க்க வேண்டும் என்றாராம். தொலைக்காட்சி விலையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

வரிச் சலுகையைப் பார்க்கிறவர்களுக்கு இந்த நோட்டு உதவாது. பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுத்து ரசீது வாங்கினால்தான் உண்டு, அதுவும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. புதிய வரிமுறைக்குப் போய்விட்டவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் பயனில்லை.

இன்னொரு குறையும் உண்டு, அது கொஞ்சம் சுடும். இந்த ஆண்டு படைப்பன்று மகள் கணக்கை வாசித்தபோது சித்தப்பா பெயருக்கு நேரே “பாக்கி” என்று வந்தது. சபையில் பெயர் சொல்வதா என்று அவருக்குக் கோபம். மொத்தத் தொகையை மட்டும் வாசி என்றேன் நான். “மொய் நோட்டில் மட்டும் பெயர் போட்டு எழுதுகிறோமே?” என்றாள். அப்பத்தா சிரித்துக்கொண்டே வெற்றிலையை மடித்தார்.

சித்தப்பா இன்னும் பாக்கியைக் கட்டவில்லை. அறக்கட்டளைப் பத்திரத்தின் நகல் மட்டும் அனுப்பியிருக்கிறார். மகளுக்கு 18 ஆக இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது. அதுவரை அது பெட்டகத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.