இன்லைன் பம்பா, ரோட்டரியா? பழைய ஜீப் வாங்கியவன் கணக்கு

காவேரிப்பட்டணத்தில் இரண்டு பழைய டீசல் ஜீப்புகள் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்தன. இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப் ஒன்றில் இன்லைன், மற்றதில் ரோட்டரி. மாந்தோப்புக்குப் போய்வர நான் எடுத்தது இன்லைன். பாடி, டயர் எல்லாம் பார்த்தாலே தெரியும், அதை விடுங்கள்.

இன்லைனில் சிலிண்டருக்கு ஒரு எலிமென்ட், அதாவது ஒரு உறையும் அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சர் என்ற தண்டும். சுழலும் கேமின் மேடு தூக்கும்போது பிளஞ்சர் எப்போதும் ஒரே உயரம்தான் ஏறும். அதன் உடம்பில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். ராக் என்ற பல் தண்டு நகர்ந்து பிளஞ்சரைத் திருப்பினால், அந்த வெட்டு பக்கத்துத் துளையைத் திறக்கும் நேரம் மாறும். திறந்ததும் அழுத்தம் இறங்கி டீசல் நின்றுவிடும். அளவு அப்படித்தான் கூடுகிறது, குறைகிறது. 1927-லேயே ஜெர்மனியின் பாஷ் கம்பெனி தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த வடிவம் இது.

ரோட்டரியில் பம்ப் பண்ணும் இடம் ஒன்றுதான். அது சுழன்றபடி, டீசலைப் பீய்ச்சும் நாலு நாசிலுக்கும் முறை வைத்துப் பரிமாறும். எடை குறைவு, இடமும் குறைவு.

என்னை முடிவெடுக்க வைத்தது மசகு. ரோட்டரிக்குள் சுற்றுகிற எல்லாவற்றுக்கும் டீசல்தான் எண்ணெய். தோப்பில் டிரம்மில் வைத்திருக்கும் டீசலில் அடியில் தண்ணீர் தேங்காமல் இருக்காது. அது உள்ளே போனால் டீசலைப் பரிமாறும் ரோட்டரி தலையிலேயே கீறல் விழுந்துவிடும். இன்லைனிலும் பிளஞ்சருக்கு டீசல்தான். ஆனால் பாரம் தாங்குகிற கேமும் ரோலரும் ஆயிலில் நனைகின்றன. ஒரு எலிமென்ட் தேய்ந்தால் அந்த ஒரு சிலிண்டர்தான் திணறும். நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் எது என்று பிடிபடும்.

ரோட்டரியை நான் வைத்து ஓட்டியதில்லை, நண்பர் வண்டியில் பார்த்ததுதான். தொப்பூர் ஏறி வந்து டீக்கு நிறுத்தினோம். திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. இன்ஜினை அணைத்தபடியே பம்ப் மேல் ஈரத்துண்டைப் போட்டு, இரண்டாவது டீயும் குடித்து முடித்த பிறகு கிளம்பியது. தேய்ந்த தலையில் சூடான டீசல் இளகிக் கசிந்துவிடுமாம். குளிர்ந்தால் சரி.

இன்லைனிலும் செலவு உண்டு. நாலு எலிமென்ட்டும் ஒரே அளவு தர வேண்டும், அதனால் பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினால் வேலை அதிகம், கூலியும் அதிகம். டவுனுக்குள் பங்க் டீசலில் மட்டும் ஓட்டுபவர் ரோட்டரியே வாங்கலாம்.

அப்புறம், தனி ஆயில் உள்ள இன்லைன் என்றால் லெவலைப் பாருங்கள். குறைந்தால் ஊற்றிவிடலாம். ஏறியிருந்தால் முகர்ந்து பாருங்கள். டீசல் வாசம் வந்தால் பிளஞ்சர் கசிகிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.