"ஏழே நாளில் மங்கு போகும்" கிட்: வாங்கும் முன் படியுங்கள்

மங்கு, வெயில் கருமை, பரு விட்டுப்போன கறை என எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு என்று சொல்லி ஒரு கிட் விற்கிறார்கள். சோப்பு, சீரம், பகலுக்கு ஒரு கிரீம், இரவுக்கு ஒரு கிரீம். இரவு கிரீம் டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இருக்காது. வாங்கியவர்கள் மாட்டிக்கொள்ளும் விதம் மட்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி.

முதல் வாரத்திலேயே முகம் பளிச்சென்று ஆகிவிடும். சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். மேல்தோல் உதிர்ந்து புதுத்தோல் வரவே சுமார் நான்கு வாரம் பிடிக்கும். முறையான சிகிச்சையில் கறை மங்குவது கண்ணுக்குத் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஏழு நாளில் வெளுத்தால், குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் உடனே வெளுத்துத் தெரிகிறது. பாதரசம், தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் நொதியை முடக்குகிறது. தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. "தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது" என்று ஒரு முகக் கிரீமில் எழுதியிருந்தால் அது பாதரசத்துக்கான அடையாளம். கலோமெல், மெர்குரஸ் குளோரைடு என்ற பெயர்களும் அதேதான்.

சில மாதம் போனதும் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு ரத்தக் குழாய்கள் நூல்போலத் தெரியும். சீழ்ப்பரு வரும், பூனைமுடி அடர்த்தியாகும். பயந்துபோய்க் கிரீமை நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், மங்கு முன்பைவிடக் கருக்கும். விற்றவரிடம் கேட்டால் "உள்ளே இருக்கிற நச்சு வெளியேறுது, அடுத்த ஸ்டேஜ் கிட் போடுங்க" என்பார். நச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. ஸ்டீராய்டை நிறுத்தினால் தோல் காட்டும் எதிர்வினை அது. மறுபடி தடவினால் அடங்கும் என்பதால்தான் வியாபாரம் ஓடுகிறது.

ஏற்கெனவே தடவிக்கொண்டிருப்பவர்கள் டப்பாவோடு தோல் மருத்துவரிடம் போங்கள், தாமதிக்க வேண்டாம். ஸ்டீராய்டு என்றால் படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார். பாதரசச் சந்தேகம் இருந்தால் தடவுவதை அன்றே நிறுத்திவிட்டு, சிறுநீரில் பாதரச அளவு பார்க்கச் சொல்லுங்கள். தலையணை உறை, துண்டிலும் அது ஒட்டியிருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் இதை அலட்சியமாக விடாதீர்கள்.

மருத்துவர் எழுதித் தரும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கிரீம் வேறு விஷயம். அது குறுகிய காலத்துக்கானது, பொதுவாக 8 வாரம். பழைய சீட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாங்கித் தடவினால் அதுவும் இதே கதிக்குத்தான் கொண்டுவிடும். ஹைட்ரோகுவினோனை நீண்ட நாள் தடவினால் நீலக்கருப்பாக ஒரு கறை படியலாம். அதைப் போக்குவது மங்கைப் போக்குவதைவிடக் கஷ்டம்.

உண்மையில் வேலை செய்யும் முறை சாதாரணமானது, அதனால்தான் அதற்கு விளம்பரம் இல்லை. காலையில் மென்மையான ஃபேஸ்வாஷ், பிறகு சன்ஸ்கிரீன். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையக்கூடாது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கி எடுக்க வேண்டும். பட்டாணி அளவு தடவினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே கருமையைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது.

இரவில், கறையை மங்கவைக்கும் அசெலைக் அமிலம் 15 முதல் 20 சதவீதம் உள்ள கிரீம், அல்லது நியாசினமைடு 5 சதவீதம் உள்ளது. ரெட்டினால் சேர்ப்பதானால் பட்டாணி அளவு, வாரம் இரண்டு இரவில் தொடங்குங்கள். கர்ப்பமாக இருந்தால் கூடவே கூடாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். எரிச்சல் வந்தால் எதனால் என்று தெரியாது, மாநிறத் தோலில் அந்த எரிச்சலே புதுக் கறையாக நின்றுவிடும். வைட்டமின் சி சீரம் ஆரஞ்சு, பழுப்பு என்று நிறம் மாறியிருந்தால் வீரியம் போய்விட்டது, கொட்டிவிடலாம். எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, கருமை இன்னும் கூடும்.

விளிம்பு ஒழுங்கில்லாமல், ஒரே புள்ளியில் பல நிறம் காட்டி, வளர்ந்துகொண்டோ ரத்தம் கசிந்துகொண்டோ இருக்கும் புள்ளிக்கு எந்தக் கிரீமும் தடவாதீர்கள். அதை முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும்.