ஸ்டாக்ஹோம் அபா அருங்காட்சியகம்: 1974 இரவைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்

யூரோவிஷன் பாட்டுப் போட்டியைப் பற்றிப் பேசும்போது முதலில் வருகிற பெயர் அபா. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் சேர்ந்து 1956 முதல் நடத்திவரும் இந்த நேரடித் தொலைக்காட்சிப் போட்டியில், 1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 'வாட்டர்லூ' பாடி வென்ற ஸ்வீடன் குழு அது. ஸ்வீடனுக்கு அதுதான் முதல் வெற்றி. அந்த நால்வருக்கான அருங்காட்சியகம் 2013 மே 7 அன்று ஸ்டாக்ஹோமில் திறக்கப்பட்டது. ஆடிப்பாட வருகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. போட்டியின் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் நிறைய இருக்கிறது. ஆனால் அவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால்தான் கொடுக்கிற காசுக்கு முழுப் பலன் கிடைக்கும்.

இடம் யூர்கோர்டென் தீவு. க்ரோனா லுண்ட் கேளிக்கைப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நகர மையத்திலிருந்து 7ஆம் எண் டிராமில் ஏறி லில்யேவால்க்ஸ்/க்ரோனா லுண்ட் நிறுத்தத்தில் இறங்கலாம். ஸ்லுசன் படகுத்துறையிலிருந்து படகிலும் வரலாம். நகரப் போக்குவரத்து டிக்கெட்டே படகுக்கும் செல்லும், காற்று வாங்கிக்கொண்டே வரலாம் என்பதால் படகுதான் நல்ல தேர்வு. வாசா கப்பல் அருங்காட்சியகம் நடந்துபோகும் தூரம்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

டிக்கெட்டை இணையத்தில் நேரம் குறித்து முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. கோடை விடுமுறையிலும் வார இறுதியிலும் நேரில் போய் நின்றால் விரும்பிய நேரம் கிடைப்பது கடினம். உள்ளே ரொக்கம் வாங்கமாட்டார்கள், கடையிலும் கார்டு மட்டும்தான். குழுவின் பியோர்ன் உல்வேயஸ் ரொக்கமில்லாப் பொருளாதாரத்துக்காக வெளிப்படையாக வாதாடுபவர், அவர் கொள்கையே இங்கே நடைமுறை. இந்திய வங்கிக் கார்டு கொண்டுவருகிறவர்கள், வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி செயல்பாட்டில் இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிட்டுக் கிளம்பவும்.

காட்சிக்கூடம் கீழ்த்தளத்தில். ஆடியோ கைடுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கட்டாயம் வாங்குங்கள். நான்கு பேரும் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். அதற்கு எழுத்து வடிவம் கொடுத்தவர், அபா பாட்டுகளை வைத்து உருவான 'மம்மா மியா!' மேடை நாடகத்தை எழுதிய கேத்தரின் ஜான்சன். தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் கேட்டால் போதும். அது இல்லாமல் நடந்தால், கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும் உடைகளை வரிசையாகப் பார்த்துவிட்டு வருவதோடு முடிந்துவிடும்.

இனி பிரைட்டன் பகுதி. இந்தக் கூடத்தின் இதயம் இதுதான்.

இங்கே நிற்கும்போது மனதில் இருக்கவேண்டிய முதல் விஷயம்: அபா அந்தப் போட்டிக்கு முயன்றது அது முதல் முறை இல்லை. 1973இல் 'ரிங் ரிங்' பாட்டோடு ஸ்வீடன் தேர்வுச் சுற்றான மெலோடிஃபெஸ்டிவாலெனில் மூன்றாம் இடம் பெற்றுத் திரும்பியவர்கள். மறு ஆண்டு 'ஹாஸ்டா மன்யானா', 'வாட்டர்லூ' இரண்டில் எதை அனுப்புவது என்று யோசித்து, இரண்டாவதைத் தேர்ந்தார்கள். 'வாட்டர்லூ'வுக்கு முதலில் வைத்திருந்த பெயர் 'ஹனி பை'. மேலாளர் ஸ்டிக் ஆண்டர்சன்தான் வரிகளை மாற்றி எழுதினார். 1974 பிப்ரவரி 9 அன்று ஸ்வீடன் சுற்றில் ஸ்வீடிஷ் மொழியில் பாடி வென்றார்கள். பிரைட்டனில் ஆங்கிலத்தில் பாடினார்கள். 1973 முதல் 1976 வரை எந்த மொழியிலும் பாடலாம் என்று விதி தளர்ந்திருந்தது. சில ஆண்டு முன்னாலோ பின்னாலோ போயிருந்தால் ஸ்வீடிஷில்தான் பாடியிருக்க வேண்டும்.

உடைகளைத் தைத்தவர் இங்கெர் ஸ்வென்னெக்கே. பியோர்னின் நட்சத்திர வடிவ கிடாரைச் செய்தவர் யோரான் மால்ம்பெர்க். இப்படிக் கண்ணைப் பறிக்கும் உடைக்கு ஒரு வரவுசெலவுக் காரணமும் இருந்தது என்று பியோர்னே பின்னாளில் சொல்லியிருக்கிறார்: தெருவில் போட்டுக்கொண்டு நடக்கவே முடியாத உடை என்றால்தான் ஸ்வீடன் வரிச் சட்டத்தில் அதைத் தொழில் செலவாகக் கழிக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றால், ஒவ்வொரு பட்டனையும் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

போட்டியின் காணொளியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேடையில் இருப்பவர்கள் ஆறு பேர். அதிகபட்சம் ஆறு பேர் என்பது அன்றைய விதி. நால்வரோடு டிரம்ஸில் ஊலா ப்ரூங்கெர்ட், பேஸ் கிடாரில் ரூட்கெர் குன்னார்சன். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த வந்த ஸ்வென்-ஊலோஃப் வால்டாஃப் நெப்போலியன் வேடத்தில் வந்தார். பாட்டின் பெயரே போர்க்களத்தின் பெயர் என்பதால் அரங்கம் உடனே புரிந்துகொண்டு ரசித்தது. முடிவு அறிவித்த பிறகு பரிசு வாங்க பாட்டை எழுதியவர்கள் மட்டுமே மேடை ஏறலாம் என்பதால், பாடகர் உடையில் இருந்த பியோர்னைக் காவலர் ஒருவர் தடுத்து நிறுத்தினார்.

இன்றைய போட்டியைப் பார்த்துப் பழகியவர்கள் அதிகம் தடுமாறுவது மதிப்பெண்ணில். 'வாட்டர்லூ' வென்றது வெறும் 24 புள்ளியில். இன்று ஒரு பாட்டு 500 புள்ளியைத் தாண்டுவதைப் பார்த்தவர்களுக்கு அது சொற்பமாகத் தெரியும். காரணம், ஒவ்வொரு நாடும் தனக்கு மிகப் பிடித்த பாட்டுக்கு 12 புள்ளி தரும் இன்றைய முறை அன்று இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் பத்து நடுவர்கள், ஒருவருக்கு ஒரு வாக்கு. 17 நாடுகள் பங்கேற்றன, சொந்த நாட்டுக்குப் போட முடியாது. ஆக ஒரு பாட்டுக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் 160. அதில் 24 என்றால் 15 சதவீதம். இரண்டாம் இடம் இத்தாலி 18, மூன்றாவது நெதர்லாந்து 15. போட்டியை நடத்திய பிரிட்டனின் நடுவர்கள் அபாவுக்கு ஒரு வாக்குகூடப் போடவில்லை. ஒலிவியா நியூட்டன்-ஜான் பாடிய பிரிட்டன் பாட்டு 14 புள்ளியோடு நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது. வழக்கமாக வென்ற நாடுதான் மறு ஆண்டு போட்டியை நடத்தும், ஆனால் பிரிட்டன் நடத்தியது முந்தைய ஆண்டு வென்றதால் அல்ல. 1972, 1973 இரண்டிலும் வென்ற லக்ஸம்பர்க், தொடர்ந்து இரண்டாம் முறை நடத்த மறுத்ததால் பொறுப்பு பிபிசிக்குப் போனது.

அந்த இரவின் மற்ற கதைகளைச் சொல்வது ஒரு குழுவுக்கான இந்தக் கூடத்தின் வேலை அல்ல. ஆனால் அவை தெரியாமல் 1974ஐ முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. பிரான்ஸ் கடைசி நேரத்தில் விலகியது. ஏப்ரல் 2இல் அதிபர் பொம்பிடூ இறந்திருந்தார். இத்தாலியின் ஜில்யோலா சின்க்வெத்தி பாடிய பாட்டின் தலைப்புக்குப் பொருள் 'ஆம்'. விவாகரத்துச் சட்டம் பற்றிய பொது வாக்கெடுப்பு மே மாதம் வரவிருந்ததால், மக்களை ஒரு பக்கம் சாய்க்குமோ என்று அஞ்சி இத்தாலிய அரசுத் தொலைக்காட்சி போட்டியையே அப்போது ஒளிபரப்பவில்லை. போர்ச்சுகலின் பவுலோ டி கர்வால்யோ 3 புள்ளியோடு கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 24 இரவு 10:55க்கு லிஸ்பன் வானொலியில் அவர் பாட்டு ஒலித்ததுதான் சர்வாதிகாரத்தை வீழ்த்திய ராணுவப் புரட்சிக்கு முதல் சமிக்ஞை. கடைசி இடம் பிடித்த ஒரு காதல் பாட்டு ஒரு நாட்டின் வரலாற்றில் இடம்பிடித்தது. யூரோவிஷன் வெறும் கூத்து என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

சரி, கூடத்தின் மற்ற பகுதிகள். ஹாலோகிராம் மேடையில் நால்வரோடு ஐந்தாவது ஆளாக நின்று பாடி ஆடலாம். கரோக்கி அறைகளும் உண்டு. டிக்கெட்டில் உள்ள குறியீட்டை அங்கே ஸ்கேன் செய்தால் உங்கள் ஆட்டம் பதிவாகி, பிறகு இணையத்தில் பார்க்கக் கிடைக்கும். பலர் தவறவிடுவது இங்கேதான்: ஸ்கேன் செய்யாமல் மேடை ஏறிவிடுகிறார்கள், அல்லது டிக்கெட்டை வெளியே வரும்போது எறிந்துவிடுகிறார்கள். குறியீட்டைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஏறினால் இந்த மேடையில்தான் வரிசை நீளும். குழந்தைகளோடு வருகிறவர்கள் காலை முதல் நேரத்துக்கு வாங்கினால் காத்திருக்கும் சிரமம் குறையும்.

அபா பின்னாளில் பாட்டுப் பதிந்த போலார் ஸ்டூடியோவின் மறு உருவாக்கத்தில் குரல், கருவித் தடங்களை நீங்களே ஏற்றி இறக்கிக் கலந்து பார்க்கலாம். அவசரப்படாமல் இருக்கவேண்டிய இடம் இது. ஒலிப்பொறியாளர் மைக்கேல் ட்ரெட்டோவ் ஒரே பகுதியை மீண்டும் மீண்டும் பதிந்து அடுக்கியதால்தான் அந்தக் குரல்கள் அவ்வளவு அகலமாகக் கேட்கின்றன. ஒவ்வொரு தடமாக நிறுத்திப் பார்த்தால் காதுக்கே விளங்கும். ஒரு எச்சரிக்கை: 'வாட்டர்லூ' இந்த ஸ்டூடியோவில் பதிவானது இல்லை. போலார் திறந்தது 1978இல்தான். 'வாட்டர்லூ' மெட்ரோனோம் ஸ்டூடியோவில் பதிவானது.

தானாக வாசிக்கும் பியானோ ஒன்று, நால்வரில் ஒருவரான பென்னி ஆண்டர்சனின் ஸ்டூடியோவில் உள்ள பியானோவோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அவர் அங்கே வாசித்தால் இங்கே கட்டைகள் அசையும். ஒரு சிவப்புத் தொலைபேசியும் இருக்கிறது. அதன் எண் நால்வருக்கு மட்டுமே தெரியும். மணி அடித்தால் எடுத்துப் பேசுங்கள்.

குறை என்றால் விலை. கட்டணம் குறைவு இல்லை, ஆடியோ கைடும் சேர்ந்தால் நாலு பேர் குடும்பத்துக்குக் கணிசமான தொகை. பாடவும் ஆடவும் கூச்சப்படுகிறவர்களுக்கு அனுபவத்தில் பாதி போய்விடும், அவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கலாம். கடையில் மேடை உடை அச்சிட்ட சாமான்கள் நிறைய. அதைவிட, உள்ளே கேட்ட பாட்டுகள் உள்ள இசைத்தட்டுக்குப் பணம் கொடுப்பது மேல்.

மறுநாள் நேரம் இருந்தால் புறநகர் ரயிலில் எல்வ்ஷோவுக்குப் போய் வாருங்கள். அபா வென்றதால் 1975 போட்டி அங்குள்ள கண்காட்சி வளாகத்தில்தான் நடந்தது. இன்றுவரை தொடரும் 12 புள்ளி முறை அறிமுகமானதும் அந்தப் போட்டியில்தான். வணிகப் பாட்டுக்கு இவ்வளவு பணமா என்று இடதுசாரி இசைக்கலைஞர்கள் எதிர்த்து, அதே வேளையில் மாற்று இசைவிழா ஒன்றையும் நடத்தினார்கள். 1976இல் ஸ்வீடன் போட்டிக்கே போகவில்லை.